பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு பைப்

என்னைவிடப் பெரிய மடையனை எங்கள் அடுக்ககத்தில் தேடினாலும் கிடைக்காது. அப்படித் தேடுவதென்றால் அதையும் செயலாளரான நான்தான் செய்ய வேண்டும் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடிகிறது. வராண்டாவிலோ வெளிச்சுவரிலோ எந்த வயரும் தொங்கக் கூடாது, உள் வயரிங் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு விதியை எழுதி, லேமினேட் செய்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் பிள்ளையார் படத்துக்கு நேர் கீழே ஒட்டியவன் நான். பிள்ளையாரைக் கும்பிட்டுக் கண்ணைத் திறக்கிறவர்கள் முதலில் என் விதியைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அது கடைசியில் என் தலையில்தான் வந்து விழும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பொடி எழுத்தில் அடித்திருப்பேன்.

செயலாளர் பதவி நான் கேட்டு வாங்கியதல்ல. குடியிருப்போர் கூட்டம் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. பேசுவதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். போனில் பேசியது யார், என்ன பேசினார் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் கைதட்டல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் விதி எழுதுவது எனக்குக் கை வந்த வேலை. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எஸ்டிமேட் எழுதுகிறேன். மரம் இன்னது, இரும்பு இன்னது, பெயிண்ட் இன்ன நிறம் என்று எழுதி முடித்ததும், அடியில் 'பொறுப்பல்ல' வரிகள் வரும். கேபினில் விட்டுச் சென்ற பொருட்களுக்குப் பொறுப்பல்ல. டெலிவரி எடுத்த பிறகு விழும் கீறலுக்குப் பொறுப்பல்ல. மழைக்குப் பொறுப்பல்ல. அந்த வரிகளை எழுதும்போது மட்டும் எனக்கு நாக்கில் ஒரு இனிப்பு ஊறும். என் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் மனைவி சொல்வாள், "தாலி கட்டறப்பவே காதோரமா, மண்டபத்தை விட்டு வெளிய போயிட்டா கம்பெனி பொறுப்பல்லன்னு சொன்னவரு இவரு."

விதியை நான் முதலில் பிரயோகித்தது பக்கத்து வீட்டு அக்காவின் மேல். அக்கா என்றால் சொந்த அக்கா அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருப்பவர். கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப் போன லாரிகளைத் தானே ஓட்டி நடத்தினார். ஓட்டினார் என்றால் ஸ்டீயரிங் பிடித்தல்ல, டிரைவர்களைப் பிடித்து. எந்த டிரைவர் எந்த தாபாவில் வண்டியை நிறுத்திவிட்டு 'பஞ்சருங்க' என்று போன் செய்கிறான் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாராம். பிறகு லாரிகளையெல்லாம் விற்றுவிட்டு இந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் டிவிக்கு டிஷ் வயர் வராண்டா வழியாகக் துணிக்கொடி மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் போய், அக்கா, விதி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே வந்துவிட்டால் வயர் எப்படிப் போனாலும் அது ஊட்டுக்காரங்க பொறுப்பு, நான் கேட்கவே மாட்டேன் என்று அவருடைய கொங்குப் பேச்சிலேயே சலுகை காட்டினேன்.

"ஊட்டுக்காரங்க பொறுப்புங்களா? செரிங்க தம்பி," என்றார். அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்கென்று பில்டர் போட்ட பைப்பில் கான்கிரீட் இறங்கி அடைத்திருந்ததால், சமையலறை டைல்ஸை உடைத்துத்தான் அந்த வயரை உள்ளே கொண்டுவந்தார்கள். உடைக்கும் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

இனி மனைவியின் கதை. இளம்பிள்ளைச் சேலைகளை மொத்தமாக வாங்கி வெளிமாநிலங்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் சேலம் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தினமும் நாமக்கல்லில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் நின்று, சேலம் போய், அதே மாதிரி திரும்புவாள். வருடக்கணக்கில் இப்படிப் போய் வந்ததில் இடுப்பு வலி வந்துவிட்டது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டுதான் குனிவாள். டாக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அலுவலகத்தில் அவளை விட மனமில்லை. ஆர்டர் பார்க்கிற வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யட்டும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வீட்டில் வயர் போட்ட இணையம் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் லைன் வரவில்லையென்றால் சேலத்திலேயே இருக்கும் வேறொரு பெண்ணை அந்த இடத்தில் போட்டுவிடுவார்கள்.

அவள் முதுகுக்கு மெத்தை வைத்த ஒரு நாற்காலியும் மேசையும் வாங்கி, ஹாலில் அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டாள். கம்ப்யூட்டர் வரும் முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஜன்னல் சீட் கிடைத்தவள் மாதிரி முகம்.

இணையக் கம்பெனிக்காரர் புதன்கிழமை வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேசுகிறவர். தெருக் கம்பத்திலிருந்து மாடிவரை, லிஃப்டுக்குப் பக்கத்தில் பைப்புகள் ஏறி வரும் டக்ட் வரை வயரைக் கொண்டுவந்து சுருட்டி வைத்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டார்.

"இது வரைக்குந்தானுங்க எங்க பொறுப்பு. உள்ள உங்க பைப்புல போறது உங்க பொறுப்பு. நீங்கதான் அப்படி எழுதி ஒட்டியிருக்கீங்களாம், கீழ வாட்ச்மேன் காட்டினாரு."

பைப் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஹாலில் ஒரு மூலை விடாமல் தட்டிப் பார்த்தோம். பெட்டியும் இல்லை, ஓட்டையும் இல்லை. அவர் இரக்கப்பட்டு, வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை டக்டிலிருந்து பைப்புக்குள் விட்டுத் தள்ளினார். நானும் மனைவியும் ஹால் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். ஸ்பிரிங் போய்க்கொண்டே இருந்தது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பூஜை அறையில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். சாமி படத்துக்குப் பின்னால் ஏதோ பிறாண்டுகிறது, கவுளி சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

சொன்னது கவுளி அல்ல, பில்டர் செய்து வைத்த வேலை. எங்கள் ஹாலும் அவருடைய பூஜை அறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பைப்பின் வாயைக் கொத்தனார் சுவருக்கு அந்தப் பக்கம் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் மேல் அக்காவின் பூஜை அலமாரி. அலமாரியைக் கழற்றினால் வயர் கைக்கு வந்துவிடும். அங்கிருந்து சுவரில் ஒரு துளை போட்டால் நேராக என் மனைவியின் மேசைக்கு மேலே வந்து நிற்கும். அரை மணி நேர வேலை. இந்தப் பக்கத்திலிருந்து குருட்டாம்போக்கில் துளை போட்டால் அலமாரியின் ஆணியிலோ குலதெய்வத்தின் முதுகிலோ போய் முட்டும் என்று ஹெல்மெட்காரர் கையை விரித்தார்.

பில்டருக்குப் போன் செய்தேன். பைப் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான், இத்தனை நாள் கழித்து அது எங்கே வாய் திறந்திருக்கிறது என்று கேட்டால் எப்படி, சங்கத்தில் கேளுங்கள் என்றார். சங்கத் தலைவரிடம் கேட்டேன். செயலாளருக்கு எழுத்து மூலம் ஒரு மனு கொடுங்கள் என்றார். செயலாளர் நான். எனக்கே நான் மனு எழுதி, அதைப் படித்துப் பார்த்து, உள் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு என்று எனக்கே பதில் எழுதும் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். கையெழுத்து ஒரே மாதிரி இருக்கும்.

பேசாமல் வெளிச்சுவர் வழியாக விட்டுவிடலாமே என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அக்கா ஊட்டு டைல்ஸ உடைக்க வெச்சுட்டு நம்ம வயரு மட்டும் வெளிய தொங்குமா? அதுக்கு நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்."

ஆக, அலமாரியைத்தான் நகர்த்த வேண்டும். அக்கா வீட்டுக்குப் போனோம். நான் வழியில் தயார் செய்து வைத்திருந்த பணிவை முகத்தில் மாட்டிக்கொண்டேன். மனைவி நேராகப் போய்த் தன் இடுப்பைப் பற்றியும் திங்கட்கிழமையைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அக்கா டைல்ஸ் பேச்சை எடுப்பார் என்று பயந்தேன். எடுக்கவே இல்லை. ஆனால் அலமாரியைத் தன் இஷ்டத்துக்குக் கழற்ற முடியாது என்றார்.

அவர் எதையும் பூக் கேட்டுத்தான் செய்வார். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை ஒரு காகிதத்திலும் மடித்துக் குலதெய்வத்தின் முன்னால் போட்டு, மனதில் இருப்பதைச் சாமியிடம் கேட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்ப்பது. முதல் லாரி வாங்கியது பூக் கேட்டு. டிரைவரை மாற்றியதும், லாரியை விற்றதும், இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான். அந்த அலமாரியை அந்தச் சுவரில் அடித்ததும் கேட்டுத்தான். அலமாரியில் குலதெய்வத்தின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை விளக்கு, குங்குமச் சிமிழ், பிறகு ஒரு ஆணியில் அந்த முதல் லாரியின் சாவி. லாரி எங்கேயோ இரும்புக் கடையில் போய்ச் சேர்ந்திருக்கும். சாவிக்கு மட்டும் தினமும் குங்குமம்.

வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று முறையை விளக்கினார். கேட்கிறவர் மடிக்கக் கூடாது என்பதால் பூவை வாங்கி மடித்துக்கொண்டு வரும் வேலையை என்னிடம் கொடுத்தார். எடுக்கிற வேலை என் மனைவிக்கு.

"ஒனக்காகத்தான கேக்கறோம், நீயே எடு கண்ணு. வெள்ளிக்கெழம காலைல வாங்க."

வெள்ளிக்கிழமை பூக்கடையில் வெள்ளை அரளியும் செவ்வரளியும் வாங்கினேன். அடுக்ககத்துக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் செய்தித்தாளை ஒரே அளவாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். வெள்ளையை ஒன்றில் வைத்து மடித்தேன். செவ்வரளியைக் கையில் எடுத்தேன். அங்கே என் கை நின்றுவிட்டது.

அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்காருவதும் எழுவதும். இது வரை பட்டறையிலிருந்து ஒரு காகிதத்தைக்கூட எங்கள் பக்கத்துக்குப் பாதகமாக நான் வெளியே அனுப்பியதில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை, பாதிக்குப் பாதி, இரண்டு துண்டுச் செய்தித்தாளை நம்பி விடுவதா? இரண்டாவது காகிதத்திலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். சாமியை ஏமாற்றவில்லை, சாமியின் வேலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு வரியும் எழுதிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது செவ்வரளி. சாமிக்கு வாங்கிய பூவைக் குப்பையில் போட மனம் வரவில்லை, அந்த அளவுக்கு நான் பக்திமான். லிஃப்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் படத்தில், என் விதிக்கு நேர் மேலே, அதைக் கொத்தாகச் செருகினேன். நன்றாக எடுத்துத்தான் காட்டியது. ஒரே கல்லில் இரண்டு சாமியையும் திருப்திப்படுத்திவிட்டேன் என்று விசிலடித்துக்கொண்டே மாடியேறிக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து நானும் மனைவியும் அக்காவின் கதவருகில் நின்றபோது, அவர் பால் பாக்கெட்டோடு கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். என் கையில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே வாங்க என்றார்.

விளக்கை ஏற்றினார். பொட்டலங்களை வாங்கிக் கையில் குலுக்கி, சாவிக்கு நேர் கீழே போட்டார். நான் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன். அவர் சாமியிடம் பேசியது டிரைவரிடம் பேசுகிற குரலில், சத்தமாக, தெளிவாக.

"ஆத்தா, இந்த வயரு உன்ற முதுகுக்குப் பொறத்தால போறது ஒனக்குப் புடிக்கலீன்னா வெள்ளையக் குடு. போனாப் போகட்டும்னா செவப்பக் குடு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது ஞாபகம் வந்தது, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான். முறையை மாற்றிவிட்டாரே என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். திறந்து என்ன சொல்வது? அக்கா, வழக்கம்போல் வெள்ளைக்கே சரி என்று கேளுங்கள் என்றா? என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. கையை ஒரு பொட்டலத்தின் மேல் கொண்டு போனாள், பிறகு இன்னொன்றின் மேல், பிறகு மறுபடியும் முதலாவதின் மேல். அவள் எதை எடுத்தாலும் ஒன்றுதான். அவ்வளவு நேரம் யோசித்து அவள் எடுக்கப் போவது, நான் ஸ்கூட்டர் சீட்டில் வைத்து முடித்துவிட்ட தோல்வியை.

பிரித்தாள். வெள்ளை.

ஆத்தா வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்றார் அக்கா. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அதை எடுத்து விளக்குக்குப் பின்னால் வைத்து, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அதைப் பிரித்திருந்தால் என் மனைவிக்கு எதிரிலேயே என் மானம் கப்பலேறியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை என்பதை அப்போது நான் நிம்மதியாக மட்டும் எடுத்துக்கொண்டேன். மடையன் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா.

வீட்டுக்கு வந்தோம். என் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேல் தூக்கிப் போட்டிருந்த பஸ் பையை எடுத்தாள். டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில் வைக்கும் பை. அதைத் தூசி தட்டி, அந்தப் புது நாற்காலியின் மெத்தையில் வைத்தாள். மத்தியானத்துக்கு மேல் ஆபீஸுக்குப் போன் செய்து, வேற ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தினமும் வந்து போகிற பழைய வேலையையே கேட்கப் போவதாகச் சொன்னாள். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது இடுப்பில் ஒரு கை.

நான் ஒரு நிமிடம் பொறு என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பட்டறையில் எஸ்டிமேட் தப்பாகப் போனால் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நூறு வழி தெரியும். அன்றைக்கு நேராகச் சொன்னேன்.

"ரெண்டுமே வெள்ளைங்க அக்கா."

"கீழ பிள்ளையாருக்குச் செவ்வரளி வெச்சிருந்தீங்க. பாத்தனுங்க," என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு கொஞ்ச நேரம் உருவிக்கொண்டே பேசினார். லோடு ஏற்றப் போகும்போதே திரும்பி வரும் கதையையும் தயார் செய்துகொண்டு போகிற டிரைவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். பூவை வாங்கிவரச் சொன்னபோது என் முகத்தில் அந்தக் களை இருந்ததாம். ஆனாலும் பிள்ளையாருக்குப் போட்டாரே, குப்பையில் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டாராம். நான் எப்போது வருவேன் என்று காலையிலிருந்து காத்திருந்ததாகவும், கொஞ்சம் லேட்டு என்றும் சொன்னார்.

"போயி அம்மணியக் கூட்டிட்டு வாங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லோணும்."

சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சின்ன வாக்கியங்களில் நான் பேசியதில்லை. மனைவி கேட்டு முடித்துவிட்டு, பஸ் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாமிக்கே எஸ்டிமேட் போட்டிருக்கீங்களே," என்றாள். பிறகு சிரிப்பு நின்று, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, எனக்காகவா என்று கேட்டாள். எழுத்து மூலம் கேட்டால் பதில் தருவதாகச் சொன்னேன்.

மறுபடி பூ வாங்கி வந்தேன். மறுபடியும் மடிப்பது நான்தான், அதில் அக்கா முறையை மாற்றவில்லை. ஆனால் இந்தத் தடவை பூஜை அறைத் தரையில் உட்கார வைத்து, லாரியில் லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பவர்கள் மாதிரி இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்றுகொண்டார்கள். வெள்ளையைக் காட்டி மடித்தேன். சிவப்பைக் காட்டி மடித்தேன். நல்லா இறுக்கி மடிங்க, வழியில அவுந்துரப் போகுது என்று என் மனைவி சொன்னாள். இனி பாதிக்குப் பாதி. பஸ் பை இன்னும் நாற்காலியில்தான் இருந்தது.

அக்கா பொட்டலங்களைக் குலுக்கி அலமாரியில் போட்டார். சத்தமாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடினார், திறந்தார்.

"மனசுல கேட்டுக்கிட்டேன். எடு கண்ணு."

என் மனைவி இந்தத் தடவை யோசிக்கவில்லை. கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்துப் பிரித்தாள். காகிதத்துக்குள் செவ்வரளி, ரத்தச் சிவப்பாக.

எந்த நிறத்துக்கு எந்தப் பதில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பழைய முறை என்றால் வேண்டாம். காலையில் கேட்ட முறை என்றால் சரி. என் மனைவி பூவைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா அந்தப் பூவை வாங்கி, குலதெய்வத்தின் படத்தில் செருகினார். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு ஆணியிலிருந்து லாரிச் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கு அந்த ஹெல்மெட்காரரை வரச் சொல்லுங்க. அலமாரியக் கழட்டறதுக்கு நீங்களே ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்துருங்க தம்பி."

சனிக்கிழமை அவர் வந்தார். குலதெய்வத்தை நான் கையில் ஏந்திக்கொண்டேன், அசையாமல் நிற்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. விளக்கை மனைவி பிடித்துக்கொண்டாள். அலமாரி கழன்றதும் அதன் பின்னால் சுவரில் ஒரு சின்னச் சதுரப் பெட்டி, வாயில் சிமெண்டுப் பொருக்கோடு, இத்தனை நாளும் யாரையோ கூப்பிட்டுக் கேட்கப்படாமல் இருந்த மாதிரி. ஸ்பிரிங் வந்தது, ஸ்பிரிங்கின் முனையில் வயர் வந்தது. ஹெல்மெட்காரர் சுவரில் துளை போட்டார். அது எங்கள் ஹாலில் சரியாக மேசைக்கு மேலே வெளியே வந்தபோது விளக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, வந்துருச்சு என்று கத்தினாள். கிளம்பும்போது அவர் கேட்டார், இந்த வயர் இடையில் அறுந்தால் அந்த வீட்டுப் பொறுப்பா, இந்த வீட்டுப் பொறுப்பா? என் விதியில் அதற்குப் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை என் மனைவி குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு, ஹாலைக் கடந்து வேலைக்குப் போனாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பஸ் பை பரணுக்குப் போகவில்லை. அதில் இப்போது வெங்காயம் வைத்திருக்கிறோம்.

அக்கா வீட்டுப் போனுக்கும் எங்கள் இணையம்தான். சீரியல் பாதியில் நின்றால் சுவரில் தட்டுவார். நான் ஓடிப்போய் இந்தப் பக்கம் இணையப் பெட்டியை அணைத்துப் போடுவேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அந்த வயருக்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைக்கிறார் என்று மனைவி சொன்னாள். வயருக்குக் குங்குமம் நல்லதா கெட்டதா என்று ஹெல்மெட்காரரிடம் கேட்டேன். அதற்கு எங்கள் கம்பெனி பொறுப்பல்ல என்றார். இப்படி ஒரு பதிலை இவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் அக்கா முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தபோது, மனைவி போனில் இருந்த நேரம் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டேன். அக்கா, அன்றைக்கு மனசுக்குள் எப்படிக் கேட்டீங்க? சிவப்பு வந்தால் சரி என்றா, வெள்ளை வந்தால் சரி என்றா? இல்லை, எது வந்தாலும் சரி என்றா?

அவர் பாத்திரத்தை என் கையில் வைத்தார்.

"அது ஊட்டுக்காரங்க பொறுப்புங்க தம்பி."